மண்டபத்தில் கோடு, மதுரையில் ஒலி: கடற்கரையிலிருந்து லைவ் கோடிங் நேரலை

மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரையோர ஊர்களில் யூடியூப் பார்ப்பதற்கு மொபைல் நெட் போதும். அதை நம்பி, அதே போனை ஹாட்ஸ்பாட்டாக வைத்து மொட்டை மாடியிலிருந்து ஒரு மணி நேரக் கச்சேரியை அனுப்பலாம் என்று இறங்கினால் பெரும்பாலும் திக்கும். பார்ப்பது டவுன்லோடு, அனுப்புவது அப்லோடு. ஸ்பீடு டெஸ்டில் முதல் எண் 30 காட்டும் இடத்தில் இரண்டாவது எண் 3 ஆக இருக்கலாம். அதுவும் நிலையாக நிற்காது. 20 நொடி 5, அடுத்த 10 நொடி 0.4 என்று ஏறி இறங்கும். படம் உறைந்தால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். தாளம் நடுவில் அறுந்தால் அடுத்த நிமிடமே போய்விடுவார்கள்.

லைவ் கோடிங் செய்பவர்களுக்கு மட்டும் இதில் ஒரு வசதி உண்டு. மேடையில் கணினிக் கோடு எழுதி, அதை எழுத எழுத ஓடவிட்டு இசைப்பதுதான் லைவ் கோடிங். அதை வைத்து ஆடவைக்கும் கச்சேரிக்கு ஆல்கோரேவ் என்று பெயர். 2004ல் தொடங்கிய டாப்லாப் என்ற கூட்டமைப்பின் காலத்திலிருந்தே திரையை மறைக்காமல் காட்டுவது இந்த வட்டத்தின் எழுதாச் சட்டம் மாதிரி. தமிழில் நூலையும் வாசிக்கிறோம், வீணையையும் வாசிக்கிறோம். இங்கே இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது. இசை முழுவதும் சில வரி எழுத்துக்குள் இருப்பதால், கரையிலிருந்து எழுத்தை மட்டும் அனுப்பிவிட்டு, ஒலியை ஃபைபர் இணைப்பு உள்ள வேறு ஊரில் பிறக்க வைக்கலாம். மதுரையில் ஒரு நண்பர் வீடு இருந்தால் போதும். கீழே மதுரை என்று சொல்வதெல்லாம் அந்த ஃபைபர் வீட்டைத்தான். அது சென்னையாகவும் இருக்கலாம், காரைக்குடியாகவும் இருக்கலாம்.

எழுத்தை மட்டும் அனுப்புவது

இதற்கு வேண்டியவை இரண்டு. ஒன்று, ஸ்ட்ரூடல்: தாளக் கோலங்களைச் சில வரிக் கோடாக எழுதும் டைடல் சைக்கிள்ஸ் மொழியை பிரவுசருக்குள் ஓடும்படி 2022ல் கொண்டுவந்தது, எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். இரண்டு, ஃப்ளாக்: பல பேர் ஒரே பக்கத்தில் சேர்ந்து கோடு எழுதுவதற்கான எடிட்டர், இதுவும் பிரவுசரில்தான். ஃப்ளாக்கில் ஒருவர் கன்ட்ரோல் எண்டர் அழுத்தினால் அந்தக் கோடு அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கும் எல்லோருடைய கணினியிலும் ஓடும். ஒலி அவரவர் பிரவுசரில் தனித்தனியாகப் பிறக்கும். வழியில் பயணிப்பது எழுத்து மட்டும், சில கிலோபைட். 2ஜி மாதிரி சிக்னலிலும் அது போய்ச் சேரும்.

ஃப்ளாக்கில் புதிய அமர்வு திறக்கும்போது யாரும் ஊகிக்க முடியாத பெயராக வையுங்கள். ஊர்ப் பெயரோ கச்சேரிப் பெயரோ வைத்தால், பார்வையாளர்களில் ஒருவர் தட்டிப் பார்த்து உள்ளே வந்துவிடுவார். வந்தவர் எழுதினால் அதுவும் ஓடும். கோடு எழுத மூன்று பட்டைகள் போதும்: இரண்டு ஸ்ட்ரூடலுக்கு, ஒன்று கோடு எழுதி அசையும் படம் காட்டும் ஹைட்ராவுக்கு. இந்தப் பக்கத்தில் ஓடுவது ஜாவாஸ்கிரிப்ட், அடுத்தவர் எழுதியது உங்கள் பிரவுசரில் ஓடுகிறது. ஆகவே பேங்க், மெயில் எதிலும் நுழையாத தனி பிரவுசர் ப்ரொஃபைல் ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள்.

மதுரை லேப்டாப்பில் அதே அமர்வைத் திறந்து, பக்கத்தின் மேல் ஒரு முறை கிளிக் செய்ய வேண்டும். மனிதர் கை படாமல் பிரவுசர் ஒலியைத் திறக்காது. இதை மறந்துவிட்டு, கரையில் இருப்பவர் இசைத்துக்கொண்டே இருக்க, நேரலையில் பத்து நிமிடம் ஊமைப் படம் ஓடுவது ரொம்பச் சாதாரணம். அந்த டேப் திரையில் தெரிந்தபடியே இருக்கட்டும். வேறு டேப்பின் பின்னால் போனால் பிரவுசர் அதன் வேகத்தைக் குறைக்கும், தாளம் தடுமாறும்.

அடுத்த சிக்கல் சாம்பிள்கள், அதாவது முன்பே பதிவு செய்த குட்டி ஒலிக் கோப்புகள். ஸ்ட்ரூடலில் உங்கள் கணினியில் இருக்கும் ஒலிக் கோப்புகளை இறக்கிக்கொள்ளலாம், ஆனால் அவை உங்கள் பிரவுசருக்கு மட்டும்தான். உங்கள் ஹெட்போனில் அருமையாகக் கேட்கும், மதுரையில் வெறும் மௌனம். எனவே எல்லா சாம்பிளையும் கிட்ஹப் தளத்தில் எவரும் திறக்கக்கூடிய ஒரு ரெப்போவில் (கோப்புத் தொகுப்பில்) ஏற்றி, ஸ்ட்ரூடல் டாட் ஜேசன் என்ற பட்டியல் கோப்பையும் அதில் வைத்து, கோட்டின் முதல் வரியிலேயே அங்கிருந்து அழையுங்கள். கோப்புப் பெயரில் இடைவெளி வேண்டாம், சிறிய ஆங்கில எழுத்து மட்டும். 5 நொடி, மோனோ, 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு சுமார் 480 கிலோபைட் வரும். அந்த அளவைத் தாண்டாமல் இருந்தால் கரையிலும் சீக்கிரம் இறங்கும். சாம்பிள் முதல் தடவை அழைக்கும்போதுதான் இறங்குகிறது, அதனால் முதல் சுற்றில் ஒலி வராது. கச்சேரிக்கு 10 நிமிடம் முன்பு, நேரலை தொடங்காத நிலையில், எல்லா சாம்பிளையும் ஒரு முறை ஒலிக்க வைத்துவிடுங்கள். ட்ரம்மைத் தவிர மற்றதை சாடூத், ஸ்கொயர், ட்ரையாங்கிள் என்று கணினியே உருவாக்கும் சிந்த் ஒலிகளாகவே வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

ஃப்ளாக்கிற்குள் இருக்கும் ஸ்ட்ரூடலும், ஸ்ட்ரூடலின் சொந்த இணையப் பக்கத்தில் இருப்பதும் ஒரே பதிப்பாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். வீட்டில் ஒன்றில் பழகிவிட்டு மேடையில் இன்னொன்றில் ஏறினால், ஒரு ஃபங்ஷன் இல்லை என்று சிவப்பு வரி வந்து நிற்கும். ஃப்ளாக்கிலேயே பழகுங்கள். டைடல்தான் வேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு: டைடல், அதற்கு ஒலி தரும் சூப்பர்கொலைடர், டைடலை ஃப்ளாக்கோடு இணைக்கும் ரெப்பிள் மூன்றையும் மதுரைக் கணினியில் மட்டும் நிறுவினால் போதும். ஆனால் கரையில் இருப்பவருக்குத் தன் ஒலி தன்னிடம் கேட்காது. நேரலையைத்தான் கேட்டாக வேண்டும், அது 10, 20 நொடி பிந்தி வரும். பழகாதவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

இந்த ஏற்பாட்டின் உண்மையான லாபம் நெட் அறுந்தால்தான் தெரியும். கரையில் டவர் இரண்டு நிமிடம் படுத்தாலும் மதுரையில் கடைசியாக ஓடவிட்ட பேட்டர்ன் தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருக்கும். கேட்பவருக்கு ஒரே தாளம் கொஞ்ச நேரம் நீள்கிறது என்று மட்டும்தான் தோன்றும். அதையும் சமாளிக்க ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: ஒரு நிமிடத்துக்கு மேல் எழுத்து அசையவில்லை என்றால் மதுரைக்காரர் மேல்ஸ்தாயியை மட்டுப்படுத்தும் லோ பாஸ் ஃபில்டர் எண்ணை மெல்ல இறக்கலாம், ஒரு வரியை கமென்ட் ஆக்கி ஓடாமல் நிறுத்தலாம், புதிய வரி எழுதக் கூடாது. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று முன்கூட்டியே கோட்டின் தலைப்பில் எழுதி வைத்துவிட்டால், திரும்பி வந்ததும் தன் கோட்டை அடையாளம் தெரியாமல் விழிக்க வேண்டியிருக்காது.

திரையில் எழுத்து படிக்கக் கிடைக்க வேண்டும். எழுத்தளவு 28க்குக் குறைய வேண்டாம், வரிக்கு 60 எழுத்துக்கு மேல் போகாமல் மடித்து எழுதுங்கள். பலர் போனில்தான் பார்க்கிறார்கள். ஹைட்ராவில் பொடிப் புள்ளிகளாகச் சிதறும் நாய்ஸ் படங்கள் கண்ணுக்கு அழகுதான், ஆனால் வீடியோ சுருக்கத்துக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. ஒவ்வொரு ஃபிரேமும் முழுக்க மாறுவதால் பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் டேட்டா) எல்லாம் அதற்கே செலவாகி எழுத்து கஞ்சியாகக் கரைந்துவிடும். பெரிய வடிவங்கள், மெதுவான அசைவு, குறைந்த வெளிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கமென்ட்டைத் தமிழில் எழுதுவது நல்ல வழக்கம். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். ஒன்று மட்டும்: தமிழ் எழுத்து சம அகலத்தில் நிற்காததால் அந்த வரியில் கர்சர் தள்ளி நிற்கும். கமென்ட்டைத் தனி வரியாக எழுதினால் கோட்டில் தப்பு விழாது.

மதுரைப் பக்க அமைப்பு

லேப்டாப் வைஃபையில் இருக்கக் கூடாது. ரூட்டரிலிருந்து கேபிள் போடுங்கள். நேரலை அனுப்பும் மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டூடியோவில் 1280க்கு 720, 30 ஃபிரேம், 3500 கேபிபிஎஸ், சிபிஆர் (மாறாத பிட்ரேட்), கீஃபிரேம் இடைவெளி 2 நொடி. ஆடியோ ஏஏசி 192, 48 கிலோஹெர்ட்ஸ். விண்டோஸின் சவுண்ட் செட்டிங், ஓபிஎஸ், சூப்பர்கொலைடர் மூன்றிலும் 48 என்று ஒரே எண் இருக்கட்டும். ஒன்று 44.1, ஒன்று 48 என்று கலந்தால் சில கணினிகளில் சுருதி மாறும், சிலவற்றில் பொரிகிற சத்தம் வரும்.

பிரவுசர் ஒலியை ஓபிஎஸ்ஸின் அப்ளிகேஷன் ஆடியோ கேப்சர் வழியாக எடுங்கள். எடுத்த கையோடு டெஸ்க்டாப் ஆடியோவை ம்யூட் செய்யுங்கள். இரண்டும் திறந்திருந்தால் ஒரே ஒலி சில மில்லிசெகண்ட் இடைவெளியில் இரண்டு தடவை சேர்ந்து, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல ஒலிக்கும். மைக்கும் ம்யூட், இல்லையென்றால் சீலிங் ஃபேனும் கச்சேரியில் சேர்ந்துகொள்ளும். ஒலியை எடுக்கும் இந்த வழி விண்டோஸுக்கு. மேக்கில் பிளாக்ஹோல் என்ற மெய்நிகர் டிரைவர், லினக்ஸில் பைப்வயர் இதே வேலையைச் செய்யும். விண்டோஸில் சூப்பர்கொலைடர் ஏசியோ டிரைவரைப் பிடித்துக்கொண்டால் அதன் ஒலி ஓபிஎஸ்ஸுக்குக் கிடைக்காமல் போகும். அதை வாசாபிக்கு மாற்றினால் சரியாகும்.

நாய்ஸ் சப்ரஷன் ஃபில்டர் எதுவும் வேண்டாம். அது மனிதக் குரலுக்காகச் செய்தது. நீண்டு ஒலிக்கும் ட்ரோன் சுரத்தை ஃபேன் சத்தம் என்று எண்ணி விழுங்கிவிடும். ஒரு லிமிட்டர் மட்டும், −1.5 டிபியில். உச்சம் −6ஐ ஒட்டி விளையாடட்டும். யூடியூபில் லேட்டன்ஸியை நார்மலில் வையுங்கள். அல்ட்ரா லோ என்பது அரட்டைக்கு, இசைக்கு அல்ல. அங்கே ஆட்டோ ஸ்டாப் என்று ஒரு சுவிட்ச் உண்டு. அது ஆனில் இருந்தால், ஓபிஎஸ் அறுந்ததும் நிகழ்ச்சியே முடிந்துவிடும். அதே லிங்க்கில் திரும்பி வர வழியில்லை. அதை அணைத்துவிடுங்கள். சேனலில் இதுவரை நேரலை செய்ததே இல்லை என்றால், அனுமதி வர 24 மணி நேரம் வரை ஆகலாம். கச்சேரி நாளன்று போய்க் கேட்காதீர்கள்.

ஒலியை அனுப்பியே ஆக வேண்டும் என்றால்

மாடுலர் சிந்த், ட்ரம் மெஷின், குரல் என்று கையில் கருவி வைத்திருப்பவர்களுக்கு எழுத்து வழி உதவாது. இவர்கள் கரையிலிருந்து நேராக யூடியூபுக்கு அனுப்புவதைவிட, நடுவில் ஒரு சர்வர் வைத்து மதுரை வழியாக அனுப்புவது நல்லது. கரை இணைப்பு அறுந்தால் மதுரை ஓபிஎஸ் ஒரு காத்திருப்புப் படத்தைக் காட்டிக்கொண்டிருக்கும், நேரலை சாகாது.

மும்பையில் 1 ஜிபி ரேம் உள்ள சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்) போதும், ஏனென்றால் அது வீடியோவைத் தொடுவதில்லை, கைமாற்றி விடுகிறது. அதில் கைமாற்றும் மென்பொருளான மீடியாஎம்டிஎக்ஸ் ஓடவிட்டு, எஸ்ஆர்டி முறையில் அனுப்புங்கள். வழக்கமான ஆர்டிஎம்பி முறை டிசிபியில் ஓடுவதால் ஒரு பாக்கெட் தொலைந்தால் பின்னால் வருவதெல்லாம் வரிசையில் நிற்கும். எஸ்ஆர்டி யுடிபியில் ஓடி, தொலைந்ததை மட்டும் குறிப்பிட்ட நேரத்துக்குள் திரும்பக் கேட்டு வாங்கும்; கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு முன்னே போகும். போர்ட் 8890. கிளவுட் ஃபயர்வாலில் அதை யுடிபியாகத் திறக்க வேண்டும். பலர் டிசிபியைத் திறந்துவிட்டு அரை நாள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். மொபைல் நெட்டிலும், பல வீட்டு ஃபைபர்களிலும் தனிப் பொது ஐபி கிடையாது. எனவே கரையும் மதுரையும் இரண்டுமே காலராகத்தான் சர்வரை அழைக்க வேண்டும். இன்னொரு பொறி: ஓபிஎஸ்ஸில் எஸ்ஆர்டி லேட்டன்ஸி எண் மைக்ரோ நொடியில். 2 நொடி வேண்டுமென்றால் 2000000 என்று எழுத வேண்டும். 2000 என்று எழுதினால் அது 2 மில்லிசெகண்ட். பஃபர் இல்லாத மாதிரிதான்.

கரையில் 2000 கேபிபிஎஸ் வீடியோ, 160 ஆடியோ என்று வையுங்கள். கணக்கு: மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி, திரும்ப அனுப்பும் பாக்கெட்டுகளையும் சேர்த்தால் 1.2. தினம் 2 ஜிபி ரீசார்ஜில் இருப்பவருக்கு 1 மணி 40 நிமிடத்தில் டேட்டா தீர்ந்து வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு விழும். காலையில் ரீல்ஸ் பார்த்தது தனிக் கணக்கு. கூடுதல் டேட்டா பேக்கை முன்னாலேயே போட்டுவிடுங்கள். அளவிட்ட அப்லோடு, அனுப்பும் பிட்ரேட்டைப் போல இரண்டு பங்கு இல்லையென்றால் படத்தை விட்டுக்கொடுங்கள்: 480பி அளவு, 10 ஃபிரேம், 500 கேபிபிஎஸ்ஸில் கையை மட்டும் காட்டினால் போதும். ஆடியோவை 160க்குக் கீழே இறக்காதீர்கள்.

யூரோரேக் வகை மாடுலர் சிந்தின் ஒலி உச்சத்துக்கு உச்சம் 10 வோல்ட் அளவில் வரும். ஒலியைக் கணினிக்குள் எடுக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸின் லைன் உள்ளீடு எதிர்பார்ப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. அவுட்புட் மாட்யூல் இல்லாமல் நேராகச் செருகினால், இன்டர்ஃபேஸில் கெயின் பூஜ்யத்தில் இருந்தாலும் கிழியும். ஓபிஎஸ்ஸில் அளவைக் குறைத்தால் கிழிந்த ஒலி சின்னதாகக் கேட்கும், அவ்வளவுதான்.

இரண்டு ஊரில் இருப்பவர்கள் ஒலியனுப்பி ஒன்றாகத் தாளம் சேர்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். போய் வர 60, 80 மில்லிசெகண்ட் ஆகும் இணைப்பில் இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்துக் காத்து வேகம் தேய்ந்துகொண்டே போகும். ஒருவர் முடித்து ஒருவர் தொடங்குவதுதான் சரி.

போனை எங்கே வைப்பது

ஆண்ட்ராய்டில் அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸில் சிக்னல் டிபிஎம் எண்ணாகக் கிடைக்கும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. −90 அருமை, −105 வரை சமாளிக்கலாம், −110ஐத் தாண்டினால் அந்த இடம் வேண்டாம். திரையின் மேலே தெரியும் சிக்னல் கோடுகளை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள். மாடியில் இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் 10 எண் மாறும். சோதனையைக் கச்சேரி நடக்கும் அதே மணியில், மூன்று நாள், 10 நிமிடம் தொடர்ந்து செய்யுங்கள். பகல் 11 மணிக்குப் பார்த்த எண் ராத்திரிக்கு ஆகாது. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் தீவில் கூட்டம் நெரியும் நாட்களில் எந்த டவரையும் எண்ணி இறங்க வேண்டாம்.

லேப்டாப்புக்கு யூஎஸ்பி கேபிளில் டெதரிங் கொடுங்கள். இரண்டு சிம் உள்ள போனில் இன்னொரு சிம்முக்கு அழைப்பு வந்தால், பல மாடல்களில் பேசி முடிக்கும்வரை டேட்டா நின்றுவிடும். அந்த சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுங்கள். தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் தானாக இலங்கை டவரைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்கிலிருந்து எடுத்து, ரோமிங்கை அணையுங்கள். சொல்லப்போனால் தனுஷ்கோடியில் கச்சேரி என்பதே நடக்காத காரியம். சாயங்காலத்துக்கு மேல் அங்கே இருக்க விடுவதில்லை. ட்ரோன் காட்சி ஆசையும் வேண்டாம்: உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத்தளம் இருக்கிறது. சாட்டிலைட் போன் இந்தியாவில் உரிமம் இல்லாமல் வைத்திருந்தாலே வழக்கு. வெளிநாட்டு நண்பர் யாராவது கொண்டுவந்தால் கரைக்கு எடுத்து வரச் சொல்லாதீர்கள்.

கடலைக் கச்சேரிக்குள் கொண்டுவருவது

இங்கிருந்து வாசிக்கிறவரிடம் கேட்பவர்கள் கடலைத்தான் எதிர்பார்ப்பார்கள். அதற்காக மைக்கை நேரலையில் திறந்து வைப்பது வீண் வேலை. பகலில் பதிவு செய்து, 5 நொடித் துண்டுகளாக நறுக்கி, மேலே சொன்ன கிட்ஹப் ரெப்போவில் போட்டுவிட்டால் கடலும் எழுத்து வழியாகவே போகும்.

எந்தக் கரையில் பதிவு செய்வது என்பதைக் காற்று சொல்லும். மண்டபத்தில் வடகடலும் தென்கடலும் நடந்து போகும் தூரம். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் போலக் கிடக்கும். வாடை (வடகிழக்குக் காற்று) திரும்பினால் இது தலைகீழ். அலையோசை வேண்டுமா, படகின் அடியில் தண்ணீர் மெல்லத் தட்டும் சத்தம் வேண்டுமா என்று பார்த்து எதிரெதிர்க் கரையைத் தேர்ந்தெடுங்கள். மைக்கில் வெறும் ஸ்பாஞ்ச் உறை கச்சான் காற்றுக்கு நிற்காது, அதன் மேல் ரோமத் துணி உறையும் வேண்டும். மைக்கை மணலிலிருந்து ஒரு முழ உயரத்தில், உங்கள் உடம்பு காற்றை மறைக்கும்படி பிடித்தால் பாதி வேலை முடிந்தது. மிச்சத்தை 100 ஹெர்ட்ஸ் ஹை பாஸ் ஃபில்டர் பார்த்துக்கொள்ளும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு இன்ஜின் சத்தம் அடங்கியிருக்கும், பதிவுக்கு அது தோதான காலம்.

தண்ணீருக்கு அடியில் கேட்க, அதிர்வை மின்சாரமாக்கும் 27 மில்லிமீட்டர் பீசோ தகடு ஒன்றைக் கவசக் கம்பியில் பற்றவைத்து, அரால்டைட் இரண்டு பூச்சுப் பூசி, ஒரு நாள் காயவிட்டு இறக்குங்கள். இன்டர்ஃபேஸில் இன்ஸ்ட்ருமென்ட் பொத்தான் அழுத்தியிருக்க வேண்டும். பீசோவுக்கு 1 மெகாஓம் உள்ளீடு இல்லையென்றால் கீழ்ஸ்தாயி மொத்தமும் போய் தகரச் சத்தம்தான் மிஞ்சும். வடகடல் படகுத்துறையில் இறக்கினால் எண்ணெயில் கடுகு வெடிப்பது போல விடாமல் ஒரு பொரிச்சத்தம் கேட்கும். ஒயர் பழுது என்று கழற்றிப் பார்க்க வேண்டாம். கொடுக்கைச் சொடுக்கிச் சத்தமெழுப்பும் சிறு இறால்கள் அவை. ட்ரம்மின் ஹை ஹாட்டுக்குப் பதில் அதை வைத்துப் பாருங்கள். தீவுகள் பக்கம் மட்டும் போகாதீர்கள்; மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி வேண்டும். மீன் ஏலக் குரல்களை எடுப்பதென்றால், ஏலம் விடுகிறவரிடம் "அண்ணே, சத்தத்த மட்டும் எடுத்துக்கிறோம், பாட்டுல வரும்" என்று ஒரு வார்த்தை முன்னால் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நீட்டிய மைக்கைப் பார்த்து ஏலம் நின்ற கதை எல்லாத் துறையிலும் உண்டு.

கரண்ட்

எழுத்து வழியில் கரையில் வேண்டியது ஒரு லேப்டாப், ஒரு போன். லேப்டாப் பேட்டரியே தாங்கும். சிந்த் வைத்திருப்பவர்கள் கணக்குப் போட வேண்டும். லேப்டாப் 65 வாட், சிந்த் 40, விளக்கும் சில்லறையும் 15 என்று 120 வாட். வீட்டில் உள்ள 12 வோல்ட் 150 ஏஹெச் இன்வெர்ட்டர் பேட்டரியில் 1800 வாட் மணி. பாதிக்கு மேல் இறக்காமல், இன்வெர்ட்டர் நஷ்டம் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 720. ஆறு மணி நேரம் ஓடும், வீட்டு ஃபேன்கள் அதில் இல்லாத வரை. சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்க வேண்டும். ஸ்கொயர் வேவ் என்றால் அடாப்டர் ரீங்கரிக்கும், அது ஆடியோவிலும் ஏறும். 50 ஹெர்ட்ஸ் ஹம் வந்தால் லேப்டாப் சார்ஜரை ஒரு நொடி கழற்றிப் பாருங்கள். ஹம் நின்றால் கிரவுண்ட் லூப், அதாவது எர்த் வழியாக ஏறும் இரைச்சல். ஆடியோ வழியில் ஒரு ஐசோலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். மூன்றாவது எர்த் பின்னை ஒடிக்கும் பழக்கம் ஈர உப்புக் காற்றில் உயிரை வாங்கும்.

நேரமும் கைமாற்றமும்

பல நாட்டவர் சேரும் நிகழ்ச்சியில் அட்டவணையை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) மட்டும் எழுதுங்கள். நம் நேரம் அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டியது. அந்த அரை மணியைத்தான் வெளிநாட்டவர்கள் விட்டுவிடுவார்கள், நீங்கள் நம் நேரம் 20:30க்கு உட்கார்ந்தால் அவர்கள் 21:00க்குத்தான் உங்கள் பெயரைப் போடுவார்கள். குளிர்காலத்தில் பெர்லினில் இரவு 8 என்றால் நமக்கு நள்ளிரவு 12:30. நமக்கு அது ஒரு வகையில் நல்லதுதான்: டவரில் கூட்டம் குறையும், 12 மணிக்குத் தினசரி டேட்டாவும் புதிதாக ஏறியிருக்கும். ஹெட்போனில் வாசியுங்கள், ராத்திரி 10க்கு மேல் ஸ்பீக்கருக்கு அனுமதி இல்லை என்பது ஒருபுறம், விடியற்காலையில் கடலுக்குப் போகிறவர்கள் தூங்கும் தெரு அது. சாயங்கால நேரம் என்றால் பாங்கு, கோயில் மணி நேரங்களில் மைக் திறந்திருக்கும் பகுதி வராதபடி அட்டவணை போடுங்கள்.

ஆளுக்கு 20 நிமிடம், 25 நிமிடத்துக்கு ஒருவர். ஒரே ஸ்ட்ரீம் கீயை (நேரலை அனுப்ப உதவும் ரகசியக் குறியீட்டை) எல்லோருக்கும் கொடுத்து நடத்தும் நிகழ்ச்சிகளில் முந்தையவர் ஸ்டாப் அழுத்தும் முன் அடுத்தவர் ஸ்டார்ட் அழுத்தினால் படம் இரண்டுக்கும் நடுவில் துடிக்கும், சில நேரம் இருவரும் வெளியே விழுவார்கள். "முடித்துவிட்டேன்" என்று செய்தி வந்த பிறகு, 30 நொடி எண்ணி, அப்புறம் தொடுங்கள். எழுத்து வழியில் இந்தச் சிக்கலே கிடையாது. ஓபிஎஸ் மதுரையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அடுத்தவர் ஃப்ளாக்கின் அடுத்த பட்டையில் எழுதத் தொடங்குகிறார். முந்தையவரின் தாளத்தை அப்படியே வாங்கி நகர்த்துவதும் நடக்கும்.

ஒத்திகை முந்தின நாள், லிங்க் இருப்பவருக்கு மட்டும் தெரியும் அன்லிஸ்டட் நேரலையாக 20 நிமிடம் நடக்கட்டும். ஓபிஎஸ்ஸில் ஸ்டாட்ஸ் ஜன்னலைத் திறந்து வையுங்கள். அதில் நெட்வொர்க்கால் விழுந்த ஃபிரேம் 1 சதவீதத்தைத் தாண்டினால் பிட்ரேட்டை இறக்குங்கள். என்கோடிங் லேக் என்றால் பிராசஸர் திணறுகிறது, எக்ஸ்264ஐ வெரிஃபாஸ்ட்டுக்கு மாற்றுங்கள். ரெண்டரிங் லேக் என்றால் ஹைட்ரா கிராஃபிக்ஸ் கார்டைத் தின்கிறது. மூன்றும் பார்ப்பவருக்கு ஒரே மாதிரி திக்கலாகத்தான் தெரியும், மருந்து வேறு வேறு. நேரலையைக் கேட்டுச் சொல்ல மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும், வேறு ஊரில், வேறு நெட்வொர்க்கில், போன் ஸ்பீக்கரில். கரையில் இருப்பவர் தானே நேரலையைத் திறந்து பார்க்கக் கூடாது. டேட்டாவும் போகும், பிந்தி வரும் ஒலியில் கையும் குழம்பும்.

ஏசி அறையில் இருந்த லேப்டாப்பையும் இன்டர்ஃபேஸையும் மாடிக்கு எடுத்து வந்ததும் ஆன் செய்யாதீர்கள். பைக்குள்ளேயே அரை மணி இருக்கட்டும், இல்லையென்றால் உள்ளே வியர்த்துவிடும். முடிந்த பிறகு மதுரைக்காரர் ஃப்ளாக்கில் உள்ள கோடு முழுவதையும் நகலெடுத்துச் சேமிக்க வேண்டும், டேப்பை மூடினால் அது திரும்பக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கரைக்காரர் ஜாக் முனைகளை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வைக்கட்டும். அன்று ராத்திரியே. மறுநாள் காலைக்குள் பித்தளையில் பச்சை பிடிக்கத் தொடங்கியிருக்கும்.